உப்புக்காற்றைத் தாங்கும் தொட்டிச் செடி எது?

மொரீஷியஸில், மஹேபூர்கில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. தட்டையான கான்கிரீட் மாடி, நல்ல வெயில். ஜூனில் தென்கிழக்குக் காற்று பிடித்ததிலிருந்து ஒன்றும் தேறவில்லை. கறிவேப்பிலையில் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகி, தொட்டால் நொறுங்குகின்றன. மறுபக்கம் பச்சையாகவே இருக்கிறது. தக்காளிப் பூவெல்லாம் உதிர்கிறது. கற்றாழை மட்டும் அசரவில்லை, அதைச் சாம்பாரிலா போடுவது?

இலைகளை நல்ல தண்ணீரில் கழுவினேன், மண்ணை மாற்றினேன். நிழல்வலை கட்டினேன், காற்று கிழித்துப் போட்டது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நகர்த்தினால் காற்று இல்லை, வெயிலும் இல்லை.

எல்லாம் 20 லிட்டர் வாளிகள். நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும். எச்சரிக்கை வந்தால் நான் ஒரே ஆளாகத் தூக்கி உள்ளே வைக்கவேண்டும். அதனால் பெரிய தொட்டி சரிப்படாது.

இந்தக் காற்றைத் தாங்கி, இந்த வாளியிலேயே வளரும் சமையல் செடி எது?