புதுப்பிப்பு: வாய் திறக்காத என் டீம், மூன்று மாதம் கழித்து

முன்பு எழுதியிருந்தேன்: ஒன்பது பேர் டீம், திங்கள்கிழமை மீட்டிங்கில் யாரும் பேசுவதில்லை, அடுத்தடுத்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் நாற்காலிகளையும் விளக்குகளையும் மாற்றினோம். முதுகுவலிப் புகார் குறைந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்னதுதான்: வசதிக் குறைவை நீக்கினால் அதிருப்தி குறையும், ஆனால் அதனாலேயே ஈடுபாடு வந்துவிடாது.

பிறகு ஒரு திங்கள்கிழமை நானே ஆரம்பித்தேன். "போன வாரம் கிளையன்டுக்குப் பழைய விலைப்பட்டியலை அனுப்பினது நான்தான்." அறையில் சத்தமே இல்லை. சேர்ந்து நாலு மாதமே ஆன பெண், பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர், மெல்லச் சொன்னார்: "சார், என் ஷீட்லயும் ஒரு தப்பு இருக்கு. ரெண்டு வாரமா சொல்லப் பயமா இருந்துச்சு."

"நல்லவேளை சொன்னீங்க, சேர்ந்து பார்த்துடலாம்" என்றேன். பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அந்த இரண்டு வாரப் பயம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மன்ட்சன் 1999-இல் ஆராய்ந்து எழுதிய 'உளவியல் பாதுகாப்பு', அதாவது தப்பைச் சொன்னாலும் யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்று டீமுக்குள் இருக்கும் நம்பிக்கை, எனக்கு அன்றுதான் விளங்கியது.

இரவில் மெசேஜ் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன், அது சுலபம். மற்றவர்கள் பேசும்போது குறுக்கே வெட்டும் சீனியர் ஒருவர்தான் பாக்கி. அவரிடம் இந்த வாரம் தனியாகப் பேசப் போகிறேன். இப்படிப் பேசிய அனுபவம் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.