லண்டன் கதவு, யார்க் கதவு: பழைய ஆங்கில விடுதி பற்றி ஒரு சந்தேகம்

தெற்குவாசல்காரன்:
தம்பி இங்கிலாந்தில் படிக்கிறான். போன வாரம் ஸ்டாம்ஃபோர்டு என்ற சந்தை ஊரில் 'ஜார்ஜ்' என்ற பழைய விடுதியைப் படம் எடுத்து அனுப்பினான். தெருவுக்குக் குறுக்கே உத்தரம் போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், அது சரி. உள்ளே ஒரு கதவில் 'லண்டன்', எதிரில் 'யார்க்' என்று எழுதியிருக்கிறதே, அது எதற்கு?

வைகைக்கரை:
பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரம் மாதிரிதான். லண்டனிலிருந்து வடக்கே போகும் கிரேட் நார்த் ரோடு அந்த ஊர் வழியாகத்தான் போனது, அதனால் தெற்கே போகிறவர்களுக்கு ஓர் அறை, வடக்கே போகிறவர்களுக்கு ஓர் அறை. பத்துப் பன்னிரண்டு மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றியாக வேண்டும், குதிரை மாற்றுகிற இடத்தில் சாப்பாடும் பீரும் விற்றார்கள். 1784-ல் தபால் வண்டிகள் வந்ததும் இந்த விடுதிகளுக்கு நல்ல காலம். 1830-க்குப் பிறகு ரயில் பரவியது, குதிரை லாயமெல்லாம் காலி.

புதுமண்டபம்:
நம்ம மதுரையில் கதையே தலைகீழ்! ராணி மங்கம்மாள் (ஆட்சி 1689–1706) பெயரில் நிற்கிற மங்கம்மா சத்திரத்துக்கு எதிரிலேயே 1875-ல் ரயில் வந்து சேர்ந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தால் சத்திரம். ஆனால் ஒன்று, அவர்களுடையது வியாபாரம், சத்திரம் தர்மத்துக்குக் கட்டியது. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

தெற்குவாசல்காரன்:
ஒத்துக்கொள்கிறேன். தம்பி அங்கே ஒரு டீக்குக் கொடுத்த காசைக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.