பின் டயர் மூன்று வாரத்தில் 4 முறை பஞ்சர்: காரணம் பிடிபடவில்லை

வணக்கம். ஒரு மாதமாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வேளச்சேரியில் கிளம்பி, பள்ளிக்கரணை, ரேடியல் ரோடு வழியாக சோழிங்கநல்லூர். காலையில் சதுப்பு நிலத்தை ஒட்டி ஓட்டும் அந்தக் கொஞ்ச தூரத்துக்காகவே இதை விட மனசில்லை.

ஆனால் மூன்று வாரத்தில் பின் டயர் 4 முறை பஞ்சர். முன் டயரில் ஒன்றுகூட இல்லை. 7 கியர் ஹைப்ரிட், 700x35 டயர், காற்று 60 பிஎஸ்ஐ. என் எடை 82 கிலோ, கேரியரில் லேப்டாப் பை.

முதல் இரண்டு முறை ஒட்டுப் போட்டேன். அப்புறம் புது ட்யூப். அதுவும் ஐந்தாம் நாளே போய்விட்டது. டயரின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சால் தடவிப் பார்த்தேன். முள், கண்ணாடி, கம்பி எதுவும் சிக்கவில்லை. கடைசி இரண்டு முறை நானே கழற்றியபோதுதான் கவனித்தேன்: ஓட்டை ரோட்டுப் பக்கம் இல்லை, ரிம் பக்கம். இரண்டு தடவையும் வால்விலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, ஒரே இடம், ஒற்றைத் துளை. ரிம்மில் மெல்லிய ரப்பர் பட்டைதான் இருக்கிறது. கிழியவில்லை, ஆனால் ஸ்போக் துளைகளுக்கு மேல் லேசாகக் குழிந்திருக்கிறது.

பட்டையை எடுத்துவிட்டுத் துணி ரிம் டேப் ஒட்டினால் போதுமா, இல்லை அந்த இடத்து ஸ்போக் முனையையும் அரத்தால் தேய்க்க வேண்டுமா?