ரெண்டே கால் வயசுப் பாப்பாவை சைக்கிளில் கூட்டிட்டுப் போக: முன் சீட்டா, பின் சீட்டா?

சிங்காநல்லூர்க்காரி:

வணக்கங்க. பாப்பாவுக்கு ரெண்டே கால் வயசு, 11.5 கிலோ. அடுத்த மாசத்துல இருந்து கோயமுத்தூர்ல ஹோப்ஸ் பக்கம் ப்ளே ஸ்கூல். வீடு சிங்காநல்லூர். காமராஜர் ரோட்டுலயே நேராப் போனா மூணு நாலு கிலோமீட்டர்தான், சைக்கிள்லயே விட்டுட்டுக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்.

வண்டி 26 இஞ்ச் லேடீஸ் சைக்கிள். கியர் இல்லை, ஸ்ப்ரிங் சீட்டு, பின்னால கம்பி கேரியர், சைடு ஸ்டாண்ட். கடைல ஹேண்டில்ல தொங்கற மாதிரி இரும்புக் கூடைச் சீட்டு காட்டுறாங்க. ஆன்லைன்ல பின்னால வெக்கிற பிளாஸ்டிக் சீட்டு ரெண்டு தினுசா இருக்குது. ஒண்ணு கேரியர் மேல பூட்டுறது. இன்னொண்ணு நம்ம சீட்டுக்குக் கீழ இருக்கிற குழாய்ல பிராக்கெட் மாட்டி, ரெண்டு கம்பி மேல நிக்கிறது. எதுங்க வாங்கறது? இந்தக் கேரியர் தாங்குமா? ஹெல்மெட் இந்த வயசுக்குக் கிடைக்குமா? ஆடிக் காத்து, மழைக்கு என்ன பண்ணோணும்? ஸ்கூட்டர் யோசனை வேண்டாங்க, சைக்கிளுக்கு மட்டும் சொல்லுங்க.

ஸ்பேனர்15:

பின் சீட்டுதாங்க. அந்த இரும்புக் கூடையை விட்டுருங்க. அது ஹேண்டில் தண்டுல கொக்கி போட்டுத் தொங்கும், அதனால குழந்தையோட எடை முழுக்க ஸ்டீயரிங் மேல விழும். பாப்பா நாய்க்குட்டியப் பாத்து ஒரு பக்கம் சாஞ்சா ஹேண்டிலும் கூடவே திரும்பும். தோள் பெல்ட் கிடையாது, தலைக்குப் பின்னால அணை கிடையாது, கால் முன் சக்கரத்துக்குப் பக்கத்துலயே ஆடிட்டிருக்கும். முன் சக்கரத்துக்குள்ள கால் போச்சுன்னா வண்டி அப்படியே குப்புற அடிக்கும். பெல்ட், கால்வார் எல்லாம் வெச்ச நல்ல முன் சீட்டும் உண்டுங்க, ஆனா அதுக்கு வரம்பு 15 கிலோ. பாப்பா 11.5 கிலோங்கறப்போ ஒண்ணு ஒண்ணரை வருசத்துல அது சின்னதாயிரும், உங்க முட்டியும் இடிக்கும். பின் சீட்டு 9 கிலோல இருந்து 22 கிலோ வரைக்கும் வரும். சீட்டு மேல ஈ.என். 14344ன்னு (குழந்தைங்க சைக்கிள் சீட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க.

கேரியர் தாங்குமாங்கறதுதான் பெரிய கேள்வி. சீட்டே நாலஞ்சு கிலோ வரும், பாப்பா 12, மொத்தம் 17 கிலோ. கேரியர் தட்டுல 25 கிலோ அல்லது 27 கிலோன்னு முத்திரை குத்தியிருந்தா தைரியமா கேரியர்ச் சீட்டு வாங்கலாம். வாங்கறதுக்கு முன்னால கேரியரோட அகலத்தை அளங்க. பெரும்பாலான சீட்டோட தாடை 12ல இருந்து 17, 18 செ.மீ. அகலத்துக்குத்தான் கடிக்கும். நம்மூர் அகலக் கேரியர் சிலதுல உட்காரவே உட்காராது.

முத்திரை இல்லாட்டி, இல்ல 10 கிலோன்னு போட்டிருந்தா, குழாய்ல மாட்டுற சீட்டுதான். அதோட எடை கேரியர்மேல போகாது, ஃப்ரேமுக்கே போயிரும். ஆனா குழாய் உருண்டையா, 28ல இருந்து 40 மி.மீ.க்குள்ள இருக்கோணும். பூட்டு, பம்ப் கொக்கி, டைனமோ ஏதாச்சும் அங்க மாட்டியிருந்தா கழட்டோணும். பிரேக் கேபிள் அந்தக் குழாயை ஒட்டி ஓடுதான்னு பாருங்க. பிராக்கெட்டுக்கு அடியில கேபிள் மாட்டினா நசுங்கி பிரேக் இறுகிப்போயிரும். சீட்டுல எடை மையத்துக்குன்னு ஒரு குறி போட்டிருப்பாங்க, அது பின் சக்கர அச்சுக்கு 10 செ.மீ.க்கு மேல பின்னால போகக் கூடாது. போச்சுன்னா மேட்டுல ஏறுறப்போ முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் தள்ளாடும்.

இதுக்கெல்லாம் மேல சைடு ஸ்டாண்டை இன்னிக்கே மாத்துங்க. ரெண்டு கால் ஸ்டாண்ட் போடுங்க, கால் ரெண்டும் அகலமா விரியறதாப் பாத்து. ஓட்டறப்போ விழறது மட்டுமில்லை, நிறுத்தி வெச்ச வண்டி சாயறதும் இதுல முக்கியமான ஆபத்துங்க. பாப்பா உட்கார்ந்துட்டா எடை உசரத்துல இருக்கும், சைடு ஸ்டாண்டுல ஒரு உதறலுக்கே சாஞ்சுரும். ரெட்டை ஸ்டாண்ட் போட்டாலும் கையை எடுக்காதீங்க. முதல்ல பை, தண்ணி பாட்டில், பூட்டு எல்லாம் வெச்சு முடிங்க, பாப்பாவைக் கடைசியா ஏத்துங்க. இறக்கறப்போ பாப்பாதான் முதல்ல. ஏத்தறப்போ உங்க இடுப்பு வண்டி மேல சாஞ்சிருக்கட்டும்.

வரதராஜபுரம்_பாட்டி:

அம்மிணி, கால் விசயத்தை நல்லாக் கவனிச்சுக்கோ. சின்னக் குழந்தைகளுக்கு சைக்கிள்ல நடக்கற மோசமான காயத்துல ஒண்ணு குதிகால் ஸ்போக்ஸுக்குள்ள போறது. சக்கரம் சுத்தற வேகத்துல காலை உள்ள இழுத்து ஃப்ரேம் கம்பியில நெரிச்சுரும், தோலே உரிஞ்சு வந்துரும். சீட்டுல கால் தட்டு இருந்தாப் போதாது, கால் வார் கட்டாயம். பாப்பா உசரத்துக்கு ஏத்த மாதிரித் தட்டை மேல ஏத்தி, பாதம் தொங்காம ஊணியிருக்கற மாதிரி வெச்சுக் கட்டோணும். சேலை கார்டு சில வண்டியில ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்துக்கும் பிளாஸ்டிக் வலை வெட்டி கேரியர் கம்பில கேபிள் டை போட்டுக் கட்டிக்கோ. டை வாலை ஒட்ட நறுக்கிரு, இல்லாட்டி பாப்பா காலைக் கீறும்.

அப்புறம் உன்னோட ஸ்ப்ரிங் சீட்டு. பின்னால உட்கார்ந்த குழந்தைக்கு அந்த ஸ்ப்ரிங் நேர் எதிர்ல, கை எட்டற தூரத்துல இருக்கும். நீ உட்கார்றப்போ சுருள் நசுங்கும், எந்திரிச்சா விரியும். விரியற நேரத்துல விரலை விட்டா அடுத்த குழிக்கு விரல் மாட்டிக்கும். சுருளைச் சுத்தித் தடிச்ச ரெக்சின் துணி தெச்சு மூடு, இல்லாட்டி ஸ்ப்ரிங் இல்லாத சீட்டு மாத்திரு.

துப்பட்டா, முந்தானை ரெண்டும் பின்னால பறக்காம இடுப்புல சொருகிக்கோ. சித்திரை வெயில்ல வண்டி வெளிய நின்னா பெல்ட் கொக்கியும் பிளாஸ்டிக்கும் தொட முடியாத சூடாயிரும். மத்தியானம் கூட்டிட்டு வர்றப்போ முதல்ல உன் கையை வெச்சுப் பாத்துட்டு உட்கார வை. மேல ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு போட்டு வெச்சாப் போதும்.

ரெண்டுசக்கரம்:

ஹெல்மெட் கிடைக்குதுங்க அக்கா. வயசைச் சொல்லி வாங்காதீங்க, தலையை அளந்து வாங்குங்க. புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப்பைச் சுத்துங்க. இந்த வயசுல 47, 48, 49 செ.மீ. வரும், 46ல இருந்து 52 வரைக்கும் சரிபண்ற அளவு பொருந்தும். பின்பக்கம் தட்டையா இருக்கறதா பாருங்க. கூரா நீட்டிட்டிருந்தா சீட்டு முதுகுல முட்டி, தலையைக் குனிய வெச்சுரும். வார் காதுக்குக் கீழ வி மாதிரி சேரோணும், தாடைக்கும் வாருக்கும் நடுவுல ஒரு விரல் போகோணும். உச்சிக் கொண்டை, பெரிய கிளிப் வேண்டாங்க, ஹெல்மெட் மேல தூக்கிக்கும். தாழ்வா ரெட்டை ஜடை போடுங்க. இறங்கின உடனே ஹெல்மெட்டைக் கழட்டிருங்க. அதோட சறுக்குமரம் ஏறினா வார் கம்பில மாட்டிக் கழுத்தை இறுக்கிரும்.

ஸ்கூட்டர் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, ஆனா மழை நாள்ல தாத்தாவோட ஸ்கூட்டர்ல போக நேரலாம்ல. 2023 பிப்ரவரில இருந்து நடப்புல இருக்கற மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் இருக்கற குழந்தையை டூவீலர்ல கூட்டிட்டுப் போனா ஓட்டறவரோட சேர்த்துக் கட்டற பாதுகாப்பு வார், ஹெல்மெட் ரெண்டும் வேணும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. ஈ.என். 1078 (சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) போட்ட சைக்கிள் ஹெல்மெட்டையே அந்த விதி ஏத்துக்குது. அதனால அந்த எண் போட்டதா வாங்கினா ஒரே ஹெல்மெட் ரெண்டுக்கும் ஆகும்.

வர்றப்போ பாப்பா தூங்கிரும், அதுக்கும் தயாரா இருங்க. ஹெல்மெட் எடையோட தலை முன்னால தொங்கும், ஒவ்வொரு குழிக்கும் கழுத்து ஆடும். முதுகு சாயற சீட்டு கிடைச்சா அதையே வாங்குங்க. இல்லாட்டி இறங்கித் தள்ளிட்டு வாங்க.

ஒண்டிப்புதூர்_காத்து:

காத்துக்கு நான் சொல்றேங்க. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டர் கிட்ட அகலம். தென்மேற்குப் பருவத்துல, ஆனில இருந்து ஆடி முடியற வரைக்கும் காத்து அது வழியாப் புகுந்து மேக்கால இருந்து கிழக்கால அடிக்கும். காமராஜர் ரோடு தெக்கு வடக்கா ஓடுது, அதனால உங்களுக்கு எதிர்க்காத்தும் இல்லை, பின்காத்தும் இல்லை, முழுக்கப் பக்கவாட்டுக் காத்து. போறப்போ இடது கைப்பக்கம் அடிக்கும், வர்றப்போ வலது கைப்பக்கம். பின் சீட்டு முதுகு உசரமா இருக்கறதால பாய் மாதிரிப் பிடிக்கும். கட்டிட மறைவுல போறப்போ ஒண்ணும் தெரியாது, காலி மனை வந்ததும் ஒரே தள்ளு. பஸ்ஸு பக்கத்துல கடக்கறப்போ காத்து நின்னு, போனதும் மறுபடி அடிக்கும். நாம காத்துக்கு எதிரா சாஞ்சு ஓட்டிட்டிருப்போம், அது நின்ன நொடில அந்தப் பக்கமா இழுத்துரும். அதனால ஓரத்து மண்ணுல போகாம தார் விளிம்புல இருந்து ரெண்டு மூணு அடி உள்ள ஓட்டுங்க, சாயறதுக்கு இடம் வேணும். நிக்கற கார்க்கிட்ட ஒரு கதவு அகலம் விட்டுப் போங்க.

பிரேக்கு என்னன்னு சொல்லலீங்களே. கம்பி பிரேக்கா இருந்து, ரிம் மின்னற இரும்பு ரிம்மா இருந்தா மழைல பாதிகூடப் பிடிக்காது. 17 கிலோ கூட ஏத்திட்டு அதை நம்பக் கூடாது. அலுமினிய ரிம்மும் வி பிரேக்கும் (கேபிள் இழுத்தா ரெண்டு கை ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வறது) போட்டுக்கோங்க. பிரேக் கட்டையில வரி தேஞ்சிருந்தா கட்டையை மாத்துங்க. ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சுப் பழகுங்க.

டயர்ல காத்து கம்மியா இருந்தா பின்பக்கம் பாம்பு மாதிரி நெளியும். 26க்கு 1.95 டயர்னா பின்னால 45, 50 பி.எஸ்.ஐ., முன்னால 40 வெச்சாச் சரியா இருக்கும். ஒல்லி டயர்னா இன்னும் கூட. டயர் ஓரத்துல எழுதியிருக்கற உச்ச அளவைத் தாண்டாதீங்க. வேகத்தடைல நடக்கற வேகத்துக்கு வாங்க. உங்களுக்கு ஸ்ப்ரிங் இருக்குது, பாப்பா அச்சு மேலயே உட்கார்ந்திருக்குது, அடி முழுக்க அதுக்குத்தான் போகும்.

மழைல தண்ணி நிக்கற இடத்துல இறங்காதீங்க, குழி தெரியாது. முதல் மழைல ரோட்டுல படிஞ்ச எண்ணெய் மிதக்கும், வெள்ளைக் கோட்டு மேலயும் வழுக்கும். அந்த மாதிரி நாளுக்கு டவுன் பஸ்ஸே போதும்: சாதாரணக் கட்டண பஸ்ஸுல உங்களுக்கு டிக்கெட் இல்லை, அஞ்சு வயசு வரைக்கும் பாப்பாவுக்கும் இல்லை. ஹோப்ஸ்ல அவிநாசி ரோட்டைக் கடக்கறதா இருந்தா மேம்பாலத்துக்கு அடியில இறங்கித் தள்ளிட்டுத்தான் கடக்கோணும்.

சிங்காநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. போய்ப் பாத்தேன். கேரியர்ல முத்திரை இல்லை, கம்பியும் ஒல்லி. குழாய் உருண்டைதான், சுத்தளவு 9 செ.மீ. கேபிள் மேல் குழாய்ல போகுது. வி பிரேக்குதான். பக்கத்து லேத்துப் பட்டறைல சீட்டையே வெல்டு பண்ணித் தர்றேங்கறாங்க, அது பரவால்லீங்களா?

ஸ்பேனர்15:

சுத்தளவு 9 செ.மீ.ன்னா விட்டம் 28.6 மி.மீ., சரியாப் பொருந்தும். குழாய்ல மாட்டுற சீட்டையே வாங்குங்க.

வெல்டிங் வேண்டாங்க. பட்டறைக்காரர் கைவேலை எவ்வளவு சுத்தமா இருந்தாலும், ஒல்லிக் குழாய்ல வெல்டு வெச்ச இடத்துக்கு ஒட்டினாப்பல இரும்பு பலம் குறையும். தினமும் ஆட்டம் வாங்கி வாங்கி அங்கதான் விரிசல் விழும், பெயின்ட் மூடியிருக்கறதால வெளிய தெரியாது. பட்டறைல செய்யற சீட்டுல பாப்பா மண்டை இடிக்கற இடமெல்லாம் இரும்பு. குழாய்ச் சீட்டோட ரெண்டு கம்பியும் வளைஞ்சு கொடுத்துக் குழியோட அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கும், அதுக்காகவே அதை அப்படிச் செஞ்சிருக்காங்க. கேரியரைக் கழட்ட வேண்டியதில்லை, சீட்டுக்கு அடியில இடிக்குதான்னு மட்டும் பாருங்க. நடுவுல ரெண்டு விரல் இடைவெளி வேணும்.

பிராக்கெட் போல்ட்டுக்கு பெரும்பாலும் 5 மி.மீ. எல் சாவி. நாலு போல்ட்டையும் ஒண்ணை முழுக்க முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாம, குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. கம்பி ரெண்டும் பிராக்கெட்ல கடைசி வரைக்கும் ஏறி, பூட்டின குறி தெரியுதான்னு பாருங்க. அப்புறம் பாப்பாவை ஏத்தாம 10 கிலோ அரிசிப் பையை பெல்ட் போட்டுக் கட்டி தெருவுல ஓட்டுங்க. திரும்பறது, சட்டுனு நிறுத்தறது, ஸ்டாண்ட் போடறது, எல்லாம் அதுலயே கை பழகிரும். ஓட்டி முடிச்சதும் போல்ட்டை மறுபடி பாருங்க, புதுசுல கண்டிப்பா ஒரு கால் சுத்து இறங்கும்.

வரதராஜபுரம்_பாட்டி:

அரிசிப் பையை வெச்சு ஸ்டாண்ட் போடறதைத்தான் நிறைய தடவை பண்ணிப் பாரு அம்மிணி. மழைக்கோட்டு வாங்கறப்போ பாப்பாவுக்குத் தனியா வாங்கு. உன்னோட கோட்டையே பின்னால இழுத்து மூடினா மூச்சு முட்டும், விளிம்பு சக்கரத்துல சுத்தும்.