வூஸ்வார், ஆர்க்கிவோல்ட் ரெண்டுக்கும் தமிழ்ல என்ன வைக்கலாம்?

சார் வணக்கம். நம்ம கட்டுரைக்கான கலைச்சொல் அட்டவணையில இந்த ரெண்டும்தான் பாக்கி: வாசலுக்கு மேல வர்ற வளைவு ஆர்க்கிவோல்ட், அந்த வளைவை அடுக்குற ஒவ்வொரு கல்லும் வூஸ்வார். ஆர்க்கிவோல்ட்டுக்கு நீங்க சொன்ன 'திருவாசி' காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா வேண்டாம்னு தோணுது. திருவாசி சாமிக்குப் பின்னால நிக்கிற அலங்காரம், அது தலைமேல பாரம் கிடையாது. தோரணமும் அப்படித்தான். நாம பேர் தேடுறது சுவரையே தாங்குற வளைவுக்கு.

ஒரு நிஜ கோயிலை வச்சே பேசுவோம். மேற்கு பிரான்ஸ்ல ஓனே கிராமத்து புனித பேதுரு கோயில், 12ஆம் நூற்றாண்டு முதல் பாதியில கட்டினது, ஸ்பெயின்ல இருக்கிற சாந்தியாகோவுக்குப் போற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில கல்லறைகளுக்கு நடுவுல நிக்குது, 1998ல அந்தப் பாதையோட சேர்த்து யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துச்சு. அதோட தெற்கு வாசலைப் பாருங்க. கதவுக்கு மேல நாலு வளைவு, ஒண்ணுக்கு வெளிய ஒண்ணு, வெளிய போகப் போகப் பெரிசாகி முன்னால தள்ளி வரும். வேற பகுதி கோயில்கள்ல வளைவுக்குள்ள அரைவட்டமா ஒரு சிற்பப் பலகை இருக்கும், இங்க அது இல்ல, அதனால சிற்பி சொல்ல நினைச்சது மொத்தமும் இந்த வளைவுகள்லதான் இருக்கு.

ஒவ்வொரு வளைவும் ஆப்பு மாதிரி செதுக்கின கல்லுகளை அடுக்கினது, மேல அகலம் கீழ குறுகல், அதனால மேல இருந்து அழுத்த அழுத்த பக்கத்துக் கல்லை நெருக்குமே தவிர கழண்டு விழாது, பாரம் ரெண்டு பக்கமும் இறங்கிடும். இந்தக் கல்லுதான் வூஸ்வார். மூணாவது வளைவுல கல்லுக்கு ஒருத்தரா மூப்பர்கள், கையில இசைக்கருவியும் குப்பியும். இவங்க வர்ற பைபிளோட கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துல மூப்பர்கள் 24 பேர்தான், இங்க 31 பேர்! வளைவை நிரப்ப எத்தனை கல் வேணுமோ அத்தனை மூப்பர்னு சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. மேற்கு வாசல்ல கதை வேற, கவசம் போட்ட பெண்களா நற்குணங்கள் துர்க்குணங்களை மிதிச்சு நிக்குது, அந்த உருவங்கள் ஒரு கல்லோட நிக்காம பல கல்லைத் தாண்டி வளைவோடயே நீளமா ஓடுது.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்ல எழுதணும்னா முழு வளைவுக்கு ஒரு சொல், தனிக் கல்லுக்கு ஒரு சொல்னு ரெண்டும் வேணும். ஆர்க்கிவோல்ட்டுக்கு 'வளைவடுக்கு', வூஸ்வாருக்கு 'ஆப்புக்கல்'. அக்கா சொன்ன 'வளைவுக்கல்' தப்பில்ல, ஆனா கல்லு எங்க இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது, ஏன் விழாம நிக்குதுன்னு சொல்லல. 'ஆப்பு'ன்னா பசங்க சிரிப்பாங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், சிரிக்கட்டுமே, தச்சு வேலையில அது இன்னும் புழங்குற சொல். வளைவோட உச்சியில நடுவுல வர்ற கல்லான கீஸ்டோனுக்கு சாவியை இழுக்க வேண்டாம், 'உச்சி ஆப்புக்கல்' போதும்.

தூண் தலைக்கு 'போதிகை' போட்டதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, அதுவும் பாரம் தாங்குற உறுப்புதானே. ஓனே கோயிலுக்குள்ள ஒரு தூண் தலையில மூணு யானை இருக்கு, மேல லத்தீன்ல 'இவை யானைகள்'னு வெட்டி வச்சிருக்காங்க, பார்க்கிறவங்களுக்கு அது என்ன மிருகம்னே தெரியாதேன்னு எழுதிட்டாங்க போல. நம்ம கட்டுரையில அந்தப் படத்தை அவசியம் சேர்க்கணும்.

வேற யாருக்கும் மறுப்பு இல்லன்னா 'வளைவடுக்கு', 'ஆப்புக்கல்' ரெண்டையும் அட்டவணையில ஏத்திடலாமா சார்?