வீடு வீடாகப் போய்ப் பாட்டும் வயலினும் சொல்லித் தருகிறேன்: பையை எப்படி அடுக்குவது?

சாவேரி_தாம்பரம்:
எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்திலிருந்து மாம்பலம் வரை மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போய் வகுப்பு எடுக்கிறேன். சில வீடுகளில் பாட்டு, சில வீடுகளில் வயலின். சனிக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழு வகுப்பு. ஒரு தோளில் வயலின் பெட்டி. இன்னொரு தோளில் துணிப்பை; சுருதிப் பெட்டி (பாட்டுக்கு ஆதார ஒலியைத் தொடர்ந்து தருவது), நோட்டு, ஜெராக்ஸ் தாள், தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் அதற்குள்தான். ஒரு வீட்டில் வர்ணம், அடுத்த வீட்டில் அதற்கு முந்தைய கீதம், அதற்கடுத்த வீட்டில் இப்போதுதான் முதல் பாடமான சரளி வரிசை. வேண்டிய தாளை எடுக்கப் பையையே கொட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை சுருதியைக் கேட்டு நிதானமாக உட்கார வேண்டிய நேரம் அதிலேயே போய்விடுகிறது. மழைக்காலமும் வந்துவிட்டது. எதை எடுத்துப் போவது, எதை விடுவது? சுருதிக்குச் செல்போன் போதுமா?

மாயாமாளவம்:
டீச்சர், முதலில் வயலின் பெட்டியைத் தனியாக விடுங்கள். அதற்குள் வயலின், வில், ரோசின், துடைக்கும் துணி, மாற்றுத் தந்தி, சின்ன பென்சில். வேறு எதுவும் வேண்டாம். தாளைத் திணித்து மூடினால் அழுத்தம் குதிரைமேல், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின்மேல்தான் போகும்.

மற்றதெல்லாம் முதுகுப் பைக்கு மாறட்டும். துணிப்பை தோளையும் கெடுக்கும், மழையில் நனையவும் செய்யும். வீட்டுக்கு ஒரு பட்டன் ஃபோல்டர் வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அன்றைக்குப் போகும் வீடுகளின் ஃபோல்டர்களை மட்டும், போகும் வரிசையிலேயே அடுக்குங்கள். முதல் வீடு முன்னால். முடிந்ததும் அது கடைசிக்குப் போய்விடும். பையைத் திறந்தாலே அடுத்த வீடுதான் கையில் வரும்.

பிள்ளையின் நோட்டு பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். உங்களிடம் ஒரே டைரி போதும். ஆளுக்கு ஒரு பக்கம்: எத்தனை கட்டை (பாடும் சுருதியின் உயரம்), எந்த வரிசையில் நிற்கிறது, எந்த இடத்தில் சுரம் விலகுகிறது. "ஜண்டை வரிசையில் மேல் ஸட்ஜமம் எட்டவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அடுத்த வாரம் உட்கார்ந்த உடனே அங்கிருந்து தொடங்கலாம். பால் பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் பேனா மை மழையில் கரைந்துவிடும்.

மிருதங்கக்காரன்:
மேடம் சொன்னது சரி. என் வாத்தியம் இன்னும் கனம், ஒவ்வொரு வீட்டுக்கும் சுமக்க முடியாது. அந்தந்த வீட்டில் இருக்கும் மிருதங்கத்திலேயே சொல்லித் தருகிறேன். என் பையில் சுருதி சேர்க்கத் தட்டும் கல்லும் மரக்கட்டையும், தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூச ரவை ஒரு டப்பா. அவ்வளவுதான். நீங்களும் பாட்டு வகுப்பு மட்டும் இருக்கிற நாளில் வயலினை வீட்டிலேயே வையுங்கள், அக்கா.

ஆதார_ஷட்ஜமம்:
செல்போன் செயலி போதும், ஆனால் இரண்டு விஷயம். செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் மந்தர ஸ்தாயி (கீழ்ச் சுரங்கள்) சரியாகக் கேட்காது. பிள்ளை கீழே பாடும்போது பிடித்துக்கொள்ள ஆதாரமே இருக்காது. உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். இன்னொன்று, நீங்கள் பேசுகிற போனையே வைத்தால் நடுவில் அழைப்பு வந்து சுருதி நின்றுவிடும். வீட்டில் பழைய போன் இருந்தால் சிம் எடுத்துவிட்டு அதைச் சுருதிக்கென்றே ஒதுக்குங்கள். ஒன்று, ஐந்தரை என்று பிள்ளைக்குப் பிள்ளை கட்டை மாறுகிற உங்களுக்கு அதுதான் வசதி.

சாவேரி_தாம்பரம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஃபோல்டர் இன்றைக்கே வாங்கிவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு அலங்காரச் சார்ட் (ஏழு தாளங்களில் அமைந்த பயிற்சி வரிசைகள்) கொண்டு போகிறேன், சுருட்டிச் சுருட்டி ஓரமெல்லாம் கிழிகிறது. அப்புறம், கட்டை மாற்றி மாற்றிச் சுருதி சேர்ப்பதால் தந்தி அடிக்கடி அறுகிறது. எத்தனை தந்தி வைத்துக்கொள்ள வேண்டும்?

மாயாமாளவம்:
சார்ட்டுக்குப் பதில் ஃப்ளெக்ஸ் கடையில் அடித்துக்கொள்ளுங்கள். துருவத்தில் தொடங்கி ஏகம் வரை ஏழு தாளமும், அதனதன் அட்சரமும், அதாவது எண்ணிக்கையும் (14, 10, 6, 10, 7, 14, 4) பெரிய எழுத்தில். நனைந்தாலும் துடைத்துவிடலாம், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்.

தந்தியில் அதிகம் அறுவது மெல்லிய முதல் தந்திதான். அதில் இரண்டு, மற்றவற்றில் ஒவ்வொன்று. மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை சாயும். உள்ளே நிற்கும் மரக்குச்சியும் விழுந்துவிடலாம். அது பசை போட்டு ஒட்டியதல்ல, அழுத்தத்தில்தான் நிற்கிறது. விழுந்தால் வயலின் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

மிருதங்கக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு அக்கா. வெயிலில் நிறுத்திய காரிலோ ஸ்கூட்டரிலோ வயலினை வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். ரயிலில் மேல் தட்டிலும் வேண்டாம். கூட்டத்தில் பெட்டியை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு நில்லுங்கள்.

மாயாமாளவம்:
ஆமாம். பெட்டியை மூடும் முன் வில்லின் திருகையும் தளர்த்திவிடுங்கள். இந்த மழை ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிருடை இறுகிக்கொண்டால் பலமாகத் திருகாதீர்கள். ஃபேன் ஓடும் அறையில் பெட்டியைத் திறந்து வைத்து, ஈரம் குறைந்தபின் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.