பிச்சாவரம், தரங்கம்பாடி பயணம்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பா வாங்கி வைத்திருந்த பழைய சுற்றுலாக் கையேட்டை வைத்துத்தான் இரண்டு நாள் பயணம் போடுகிறேன். அவர் பென்சிலால் கோடிட்ட இடங்களை அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

முதல் நாள் காலையில் பிச்சாவரம். மதியம் சிதம்பரம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் தரிசனம் மாலையில்தான். மறுநாள் சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஏறி இறங்க அவரால் முடியுமா? கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிதம்பரத்தில் கீழ்த்தளத்தில் அறை தரும் நல்ல விடுதி இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறோம்.